கதவுக்கு வெளியே கேட்ட விம்மல்

இருட்டிய பிறகு கதவுக்கு வெளியே ஒரு சத்தம். நனைந்த துணியைக் கல்லின்மேல் இழுப்பதுபோல் மெல்ல வந்து, படியருகே நின்றுவிட்டது.

"கேட்டுச்சா?" என்றாள் ஜெசிந்தா. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூவரும் தலையாட்டினார்கள்.

கதவும் இருட்டும் அவள் வாயிலிருந்து வந்தவைதான். திருச்சியில் அவள் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கதை விளையாட்டு அது. ஜெசிந்தா கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து அதற்குள் வாழ்வார்கள். தவறிப்போகக்கூடிய காரியத்துக்குப் பகடை உருட்ட வேண்டும். யாராலும் முடிகிற காரியத்துக்குப் பகடை கிடையாது, சொன்னால் நடந்ததுதான்.

அன்றைக்கு மூவரும் ஒரு மலைச் சத்திரத்தின் காவலர்கள். உள்ளே நாற்பது குழந்தைகள். வெளியே, தெரிந்த குரலில் கூப்பிட்டு ஆட்களை இழுத்துக்கொண்டு போகிற ஏதோ ஒன்று.

"இதை வெட்ட முடியாது. என்ன திறமையைக் காட்டப்போறீங்கன்னு சொல்லிட்டு உருட்டுங்க. மூணு தடவை தோக்கறதுக்குள்ள ஆறு தடவை ஜெயிக்கணும்," என்றாள் ஜெசிந்தா.

"போச்சு, அண்ணனோட வாள் இன்னைக்குப் பரண்லதான்," என்று இருதயராஜைச் சீண்டினாள் ஷகிலா.

"வாள் இல்லாட்டி என்ன, வாய் இருக்கே," என்றார் இருதயராஜ்.

"அது ஒண்ணு போதுமே," என்று சிரித்தாள் அவர் மனைவி செல்வராணி.

அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் வாராவாரம் அவளை அழைத்து வந்தார். பதினோரு மாதத்துக்கு முன் அவர்களுடைய நாலு மாதக் குழந்தை தூக்கத்திலேயே போய்விட்டது. பக்கத்தில் படுத்திருந்த ராணி கண்ணயர்ந்திருந்தாள். அதிலிருந்து ஜெசிந்தாவும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. நடுநடுவே எழுந்து தன் மகனின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள்.

ஷகிலா பாடிக் குழந்தைகளை அமைதிப்படுத்தினாள். இருதயராஜ் கதவிடுக்கு வழியே, உள்ளே யாருமே இல்லையென்று புளுகினார். ராணி ஜன்னலுக்கு மூட்டை அடுக்கினாள். மாறி மாறி உருட்டியதில் ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: துருப்பிடித்த தாழ்ப்பாளைப் போடுவது. ராணியின் முறை.

அங்கேதான் ஜெசிந்தா தவறினாள். கதைக்குச் சூடேற்ற, வெளியே நிற்பதற்குப் புதுக் குரல் கொடுத்தாள். பாலுக்கு முன் அவள் மகன் விம்முவானே, அந்த விம்மல். தினமும் அவனிடம் செய்துகாட்டிப் பழகியது, அச்சாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் ராணியின் முகத்தைப் பார்த்தாள்.

ராணி பகடையைக் கீழே வைத்தாள். "நான் கதவைத் திறக்கறேன்."

திறப்பதற்குப் பகடை வேண்டாம். அவள் திறக்கப்போவது சத்திரத்துக் கதவை அல்ல என்பதும் மற்ற மூவருக்கும் தெரிந்தது. பதினோரு மாதமாய்ச் சோறும் தூக்கமுமாக மெல்ல மீண்டு வந்தவள், ஒரே எட்டில் திரும்பிப் போய்விடுவாள்.

"போதும். எழுந்திரு ராணி, வீட்டுக்குப் போலாம்," என்று இருதயராஜ் பகடைகளை அள்ளினார்.

"வெளிய நிக்கிறது நிஜக் குழந்தைதான் ராணி. உயிரோட இருக்கு. வந்து தூக்கிக்க," என்று ஜெசிந்தா கதையையே மாற்றினாள்.

ஷகிலா நாற்காலியை ராணியின் பக்கம் இழுத்துப்போட்டாள். "திறக்காதேன்னு சொல்லலடி. அதுக்கு முன்னாடி, சொல்ல வேண்டியது ஏதாச்சும் இருந்தா இந்தப் பக்கம் நின்னே சொல்லிடு. நான் கூடவே நிக்கறேன்."

மூவருமே அவள்மேல் வைத்த பிரியத்தால் பேசியவர்கள்தான். படிக்கிறவர்களே, இதில் யார் செய்தது சரி?

விடை: ஷகிலா. கணவர் சொன்னபடி எழுந்திருந்தால், அந்த விம்மலும் கூடவே வீட்டுக்குப் போயிருக்கும். ஜெசிந்தா கொடுத்த குழந்தையோ, மேசையை ஒதுக்கியதும் இரண்டாம் முறை செத்திருக்கும். ஷகிலா மட்டும்தான் கதவை ராணியின் கையிலேயே விட்டாள். ராணி மேசைமேல் உள்ளங்கையை வைத்து, "அம்மா தூங்கிட்டேன்டா கண்ணு... எனக்குக் கேக்கலடா," என்றாள். வெகுநேரம் அழுதாள். பிறகு, "தாழ்ப்பாளைப் போடறேன்," என்றாள். விதிப்படி அதற்குப் பகடை உண்டு. ஜெசிந்தா கேட்கவில்லை. கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டது.