நாயனம் இல்லாத முகம்

"நான் வரையறதை யாரும் பாக்கறதில்லைம்மா. கேக்கறாங்க."

குன்றின் மேல் தனிக்குடிலில் வாழ்ந்த நிமலையம்மை என்ற துறவியிடம் வண்டார்குழலி இப்படித்தான் பேச்சைத் தொடங்கினாள்.

அம்மைக்கு அவளைவிட வயது குறைவு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், விளங்கவில்லை, விவரமாகச் சொல் என்றார்.

குழலி சொன்னாள்.

அவளுடைய அப்பா ஆலங்கரை அகோரமூர்த்தி. அந்தப் பக்கத்தில் நாயனம் என்றால் அவர்தான். சுவாமி புறப்பாட்டில் அவர் வாசிக்கும்போது, பல்லக்குத் தூக்கிகள் தோள் மாற்ற மறந்து நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அவருக்கு ஒரே மகள். அவள் பாட்டுப் பக்கம் போகவில்லை. தூரிகையைப் பிடித்தாள். கோயில் மண்டபங்களில் சித்திரம் எழுதினாள்.

போன மழைக்காலம் முழுவதும் ஒரே சுவரில் வேலை செய்தாள். யானையின் தோலை உரித்துப் போர்த்திக்கொள்ளும் சிவன். திரை விலக்கிய அன்று ஒரு பெரியவர் அதன் முன்னால் நின்று கண்ணீர் விட்டார். குழலிக்கு மனசு நிறைந்துவிட்டது. அருகில் போய், எந்த இடம் ஐயா உங்களைத் தொட்டது என்று கேட்டாள்.

இந்தச் சுவரில் உங்க அப்பாவோட தோடி கேக்குதும்மா என்றார் அவர்.

அதற்குப் பிறகு உள்ளூரில் அவள் தூரிகையைத் தொடவில்லை.

அப்பாவைத் தெரியாத ஊருக்குப் போய்ப் பார்த்தாயா என்று அம்மை விசாரித்தார்.

அதையும் செய்திருந்தாள். வடக்கே ஓர் ஊரில், வேறு பெயர் சொல்லி ஒரு சத்திரத்துச் சுவரில் வரைந்தாள். வந்தவர்கள் சுவரைச் சுவராகவே பார்த்தார்கள். சிலருக்குப் பிடித்தது. சிலர் யானைக்குக் கால் குட்டை என்றார்கள். அவள் ஆசைப்பட்டது அதுதான்.

ஆனால் கிளம்புகிற அன்று, இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம், யாரும் கேட்காமலே, நான் அகோரமூர்த்தியின் மகள் என்று சொல்லிவிட்டாள்.

"ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலை" என்றாள் குழலி. "அவர் பேர் வேண்டாம்னு இருக்கு. இல்லாமலும் இருக்க முடியலை. நான் என்ன பண்றது?"

அம்மை முறத்தை ஒதுக்கி வைத்தார்.

"உங்க அப்பா எப்படி இருப்பார்?"

குழலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவருடைய ராகங்களைச் சொன்னாள். குழைவைச் சொன்னாள். அவர் விட்ட இடத்திலிருந்து காற்று தானாக வாசித்ததாக ஊரார் பேசிக்கொண்டதையும் சொன்னாள்.

"அது வாசிப்பு. நான் ஆளைக் கேட்டேன்."

அடுப்பிலிருந்து ஆறிய கரித்துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, அம்மை குடிலின் வெள்ளைச் சுவரைக் காட்டினார்.

குழலி வரைந்தாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உப்பிய கன்னம், மூடிய கண், நெற்றியில் புடைத்த நரம்பு, உதட்டிலிருந்து கீழே நீண்டு இறங்கும் நாயனம்.

அம்மை எழுந்து வந்து, நாயனத்தையும் அதைக் கவ்விய உதட்டையும் உள்ளங்கையால் அழித்தார். முகத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வெறுமை நின்றது.

"இங்கே வாய் இருக்கணுமே" என்றார். "வரை."

குழலி கரியைச் சுவரருகே கொண்டு போனாள்.

கை அங்கேயே நின்றது.

வெகுநேரம் கழித்து அவள் திரும்பியபோது அம்மை மறுபடி கீரை ஆய உட்கார்ந்திருந்தார். குழலி கும்பிட்டுவிட்டுக் குன்றிலிருந்து இறங்கினாள். வழியெல்லாம் ஒன்றே மனசைக் குடைந்துகொண்டு வந்தது. அப்பாவின் மேலுதடு தடிமனா, மெலிசா?

அகோரமூர்த்திக்கு முன்பல் விழுந்து, வாசிப்பதை விட்டிருந்த காலம் அது. கொல்லையில் நார்த்தை மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பலகையும் கரியுமாக வந்து, உங்களை வரையப் போகிறேன் என்றாள் மகள்.

அவர் எழுந்து, வாத்தியத்தை எடுத்து வருகிறேன் என்றார்.

"வேண்டாம்ப்பா. இப்படியே இருங்க."

"என்ன பண்ணணும்?"

"சும்மா இருந்தாப் போதும்."

"அது எனக்கு வராதேம்மா" என்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் மடியில் வைத்தார். பிறகு முழங்காலில். பிறகு ஒரு நார்த்தை இலையைப் பறித்துப் பிடித்துக்கொண்டார்.

குழலி பார்த்தாள். மேலுதடு மெலிசு. கீழுதட்டில், சற்று இடப்பக்கமாக, வாத்தியம் பதிந்து பதிந்து ஒரு சின்னக் குழி. சிரிக்க வரும்போது அந்தக் குழிதான் முதலில் அசைந்தது. இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் இதைப் பார்த்ததில்லை. வாயை வரைந்து முடித்தாள். கழுத்துக்கு இறங்கினாள்.

அவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேலை செய்து அவர் பார்ப்பதும் இதுதான் முதல் முறை. கோயில் சுவர்களுக்கு முன்னால் அவர் எப்போதும் கண்ணை மூடி வாசித்துக்கொண்டு போனவர்.

ஏன் ஒரு கண்ணைச் சுருக்குகிறாய் என்று கேட்டார். ஏன் காதிலிருந்து தொடங்கினாய் என்று கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

பிறகு, "கோடு இழுக்கறப்ப நீ மூச்சை நிறுத்திடறே. தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றாள்.

"நான் கேட்டுக்கிட்டேதானே இருக்கேன். மூச்சை வெளியே விட்டாத்தான் என் தொழில். எங்க அப்பா, தாத்தா எல்லாருக்கும் அதேதான். நீ அதை உள்ளே வச்சுக்கிட்டு ஏதோ பண்றே."

குழலி அடுத்த கோட்டைத் தொடங்கியிருந்தாள். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்குகிற நீளமான கோடு.

அவர் முக்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வித்தை கேட்டு வந்தவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நம்ம வீட்டில யாருக்கும் இது வராதே. யார்கிட்டம்மா கத்துக்கிட்டே?"

கோடு பாதியில் இருந்தது. பொறுங்கள் என்று குழலி இடது கையைக் காட்டினாள்.

ஆலங்கரை அகோரமூர்த்தி பேசாமல் காத்திருந்தார்.