போகிறவரின் காது

ஞாயிறு சந்தையில் சூசையம்மாளிடம் பேரம் பேசித் தோற்றவர்கள் அதிகம். தோற்ற பிறகும் அவளிடமே பனியன் வாங்க வருகிறவர்களும் அவர்களேதான்.

தோற்றவர்களில் ஒருவர் நல்லதம்பி சார். திருப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வாத்தியார். கடைக்காரன் என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். பொறுத்துப் பார்த்த மனைவி, "அந்தப் பொம்பளைகிட்டயே போய்க் கத்துக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து ஞாயிறு மாலையில் சார் சீடர். அவரைவிடப் பத்து வயது சின்னவள், ஏழாவதோடு படிப்பை விட்டவள், சூசையம்மாள் குரு.

அந்த வாரம் சீடர் முகம் சரியில்லை.

"என்ன சார், வீட்டுல அடியா?"

"ரெண்டு பிள்ளைங்க ஒரு மாசமா வகுப்புக்கு வரல. நாளைக்கு இடைநின்றவங்க பட்டியல்ல அவங்க பேரை எழுதிக் கொடுக்கணும். ரிங்கின்னு ஒரு பீகார்ப் பொண்ணு. மாசிலாமணின்னு உள்ளூர்ப் பையன். போறதுன்னு முடிவு பண்ணிட்டவங்களை என்னம்மா செய்யறது?"

அதற்குள் ஒருவர் வந்து பனியனைத் தொட்டார்.

"நீங்களே பேசுங்க" என்றாள் குரு, சாரிடம்.

"எவ்வளவுங்க?"

"இருநூறு" என்றார் சார்.

"நூறுன்னா குடுங்க."

"முடியாதுங்க."

வந்தவர் பனியனை வைத்துவிட்டு நடந்தார். சார் அதை மடித்தார்.

"போயிட்டார்."

"எப்படிப் போறார்?"

"நடந்துதான்."

"கண்ணைத் திறந்து பாருய்யா!" குருவுக்குக் கோபம் வந்தால் மரியாதை போய்விடும். "நிஜமாப் போறவன் இப்படியா நடப்பான்? பக்கத்துக் கடை லுங்கியைத் தடவிக்கிட்டு நிக்கறான். லுங்கி வாங்கவா வந்தான்? கை அங்க இருக்கு. காது இங்க இருக்கு."

அவள் எழுந்து நின்று கத்தினாள். "அண்ணே! வாங்கண்ணே, நூத்தம்பது!"

அவள் வாயை மூடுவதற்குள் அவர் வந்துவிட்டார்.

"பிள்ளைங்களைக் கூப்பிட்டீங்களா சார்?"

"வீட்டுக்குக் கடிதம் போட்டேனே."

"எந்த பாஷையில?"

"தமிழ்ல."

"ரிங்கி அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"மாசிலாமணி அப்பாவுக்கு?"

சார் கொஞ்சம் யோசித்தார். "அவருக்கும் தெரியாது."

"ஒரு பனியன் விக்க நாலு பாஷையில தொண்டை கிழியக் கத்தறேன். நீங்க ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு கவர் ஒட்டிட்டு உக்காந்திருக்கீங்க! எங்க இருக்காங்க அதுங்க?"

சார் கண்ணால் காட்டினார். சந்தைக் கோடியில் ஒரு பானிபூரி வண்டி. அம்மா பூரியை உடைத்து நிரப்ப, ரிங்கி தட்டு நீட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு இந்தப் பக்கம் ஒரு சரக்கு ஆட்டோ. அப்பா கீழிருந்து மூட்டையைத் தூக்கிக் கொடுக்க, மாசிலாமணி மேலே நின்று அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாராவாரம் பாக்கறேன். என்னைக் கண்டா அவ குனிஞ்சுக்கறா."

"குனியறவ வண்டிக்கு அந்தப் பக்கம் நிக்கலாமே. எதுக்கு உங்க கண்ணுல படற பக்கமா நிக்கறா? கூப்பிடுங்க."

"இங்கயா? நான் வாத்தியாரும்மா."

"நாளைக்குப் பட்டியல் எழுதறப்ப வாத்தியாரா இருங்க. இப்ப கூப்பிடுங்க."

"ரிங்கி..." என்றார் சார். பக்கத்துக் கடைக்காரருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சார், யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்றார் அவர்.

நல்லதம்பி சாருக்குச் சுருக்கென்றது. நெஞ்சை நிமிர்த்தினார். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிற அதே குரலில், அதைப்போல் பத்து மடங்கு சத்தத்தில் கூப்பிட்டார்.

"ரிங்கி குமாரி!"

"உள்ளேன் ஐயா!"

கையில் தட்டோடு ரிங்கி விறைப்பாக நின்றிருந்தாள். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்து நாக்கைக் கடித்தாள். சந்தையே சிரித்தது. ஒன்றும் புரியாத அவள் அம்மாவும் சிரித்தாள்.

ஆட்டோ மேலிருந்து ஒரு குரல் பறந்து வந்தது. "சார்! எனக்கப்புறம்தான் சார் அவ பேரு! என்னை விட்டுட்டீங்க!"

"மாசிலாமணி!"

"உள்ளேன் ஐயா!"

மூட்டை ஒன்று நழுவி விழுந்தது. யாரும் திட்டவில்லை.

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூசையம்மாள் அவர் முதுகில் தட்டினாள்.

"கூப்பிட்டா ஆச்சா? இனிமேதான் பேரம். வாங்க, இந்தி நான் பேசறேன்."

வியாபாரம் சூடாக நடக்கும் நேரத்தில் அவள் கடையை விட்டுப் போனது அன்றுதான் முதல்முறை.

ரிங்கியின் குட்டித் தம்பியை யார் பார்ப்பது என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். பள்ளிக்கூடத்தை ஒட்டியே அங்கன்வாடி இருக்கிறது என்றார் சார். அவன் அழுதால்? அழுதால் ரிங்கி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்ற இடத்தில் பேரம் படிந்தது. மாசிலாமணியின் அப்பா லேசில் மசியவில்லை. மூன்று டீ ஆயிற்று. ஞாயிறு மட்டும் மூட்டை, மற்ற நாள் பள்ளிக்கூடம் என்று இறங்கி வந்தார். அந்த மூன்று டீ நேரத்தில் இரண்டு டீ நேரம் பேரம் பேசியது சார்தான்.

அடுத்த ஞாயிறு சீடர் தொண்டை கட்டிப்போய் வந்தார்.

"பட்டியலை வெறுமையாக் குடுத்துட்டேன். ரெண்டு பேரும் வர்றாங்க. அந்தத் தம்பி ஒருநாள்கூட அழல. அதுல ரிங்கிக்குத்தான் வருத்தம்."

குரு வாய்விட்டுச் சிரித்தாள்.

சார் ஒரு பனியனை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"நிஜமாவே போறவங்களும் இருப்பாங்கல்ல? நீங்க ஏழாவதுல நின்னப்ப, போகணும்னுதான போனீங்க?"

சூசையம்மாள் அந்தப் பனியனை அவர் கையிலிருந்து வாங்கி ஒரு உதறு உதறி, கொடியில் மாட்டினாள்.

"பள்ளிக்கூட வாசல்லேர்ந்து ரோட்டுக்கு நூறு அடிதான் சார் இருக்கும். அதை நடக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆச்சு."