நத்தை போட்ட எல்லைக் கோடு

எறும்பும் எருமையும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பட்டணத்துக்கு வெளியே ஏரிப்புறம் என்று ஒரு தொகுதி இருந்தது. ஓர் ஏரி, கொஞ்சம் கருவேலங்காடு, மீதியெல்லாம் கரம்பு. ஏரிப்புறத்துக்காகச் சபையில் பேச ஓர் எருமை போய்வந்தது. அங்கே அது பேசியதைவிட அசைபோட்டதுதான் அதிகம் என்றாலும் யாரும் குறை சொல்லவில்லை.

பட்டணத்தில் இடம் போதாமல் போனதும் காக்கை, எலி, அணில் எல்லாம் மூட்டை முடிச்சோடு ஏரிப்புறத்துக்குக் குடிவந்தன. ஓர் எருமை இத்தனை பேருக்காக எப்படிப் பேசும்? மேல் ஏரிப்புறம், கீழ் ஏரிப்புறம் என்று தொகுதியை இரண்டாகப் பிரிக்கச் சபை உத்தரவு போட்டது. பொறுப்பு கொக்கிடம் வந்தது.

கொக்குக்கு ஒன்றே மதி என்பார்களே, அந்த மதி முழுவதும் சட்டத்தில் இருந்தது. எல்லைக் கோடு நேராகப் போக வேண்டும். போட்டதை அழிக்கக் கூடாது. இந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கம் குடியிருக்கக் கூடாது. கோட்டை வளைத்தவர் பெயர் இரண்டு தொகுதிப் பட்டியலிலும் இருக்காது. பெயர் இல்லாதவருக்கு இரண்டு மண்ணிலும் வீடு கிடையாது.

கோடு போட நத்தையைக் கூப்பிட்டார்கள். அது போகிற வழியில் பளபளவென்று தடம் விழுமே, அதற்காக.

"பதறாத காரியம் சிதறாது. இதுக்கு நத்தைதான் சரி" என்றது கொக்கு.

நத்தைக்கு அப்போது முதுகு வெறும் முதுகுதான். வெயில் பட்டால் எரியும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று, ஏழு மழைக்காலம் சுண்ணாம்புத் துகள் பொறுக்கி, பூவரச மரத்தடியில் சுருள் சுருளாக ஒரு சின்ன வீடு கட்டியிருந்தது. முந்தின நாள்தான் வேலை முடிந்தது. இன்னும் அதில் ஒரு நாள்கூடத் தலைசாய்க்கவில்லை.

விடியற்காலையில் மதகிலிருந்து கிளம்பிய நத்தை, உச்சிவெயிலில் கரம்பின் நடுவே வந்தது. கோடு போக வேண்டிய இடத்தில், சரளைக் கல்லுக்குள் ஆட்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஏரியில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளைக் குளிரவைக்க உட்கார்ந்திருந்தது.

"எழுந்துக்கோ தங்கச்சி, கோடு வருது."

"நான் எழுந்துப்பேன் அண்ணா. இதுங்க எப்படி எழுந்துக்கும்?"

நாலு முட்டைகள். கோடு நேராகப் போனால் இரண்டு மேலே, இரண்டு கீழே.

"ஒரு பக்கமா உருட்டி வெச்சுடேன்."

"இப்ப உருட்டினா உள்ளயே மூச்சு முட்டிப்போயிடும். நீயே தொட்டுப் பாரு."

நத்தைக்குக் காது ஏது? கொம்பை நீட்டி முட்டையின் மேல் வைத்தது. உள்ளே டொக், டொக் என்று ஒரு குஞ்சு ஓட்டைக் கொத்திக்கொண்டிருந்தது.

"கோடு இப்படியே போனா ரெண்டுதான் என்கிட்ட இருக்கும். மத்த ரெண்டுக்கும் யாரு அண்ணா வயித்த நனைச்சுக்கிட்டு வருவா?"

நத்தை தூரத்துப் பூவரசைப் பார்த்தது. அதன் அடியில் புது வீடு வெள்ளையாகத் தெரிந்தது. நத்தைக்கு அழுகை வந்தது. கொம்பை எடுத்த பிறகும் அந்த டொக், டொக் அதன் நுனியிலேயே இருந்தது. மெல்லத் தலையைத் திருப்பி, கூட்டைச் சுற்றிக்கொண்டு வளைந்து, மறுபடி நேர் வழியில் சேர்ந்தது.

சாயங்காலம் கொக்கு வந்து பார்த்தது.

"மதகுலேர்ந்து நேரா வந்துட்டு, இங்க மட்டும் ஏன்யா முழங்கை மாதிரி மடங்குது?"

"நாலு புள்ளைங்க இருந்துச்சுங்க. ஒரே தாயோட."

"சட்டம் தெரியுமில்ல?"

"தெரியும்ங்க."

ஈரம் காயாத நாலு குஞ்சுகளும் தாயின் வயிற்றடியில் முண்டிக்கொண்டிருந்தன. கொக்கு வெகுநேரம் அவற்றையே பார்த்தது. அதற்கும் மனசு உண்டு; ஆனாலும் சட்டம் சட்டம்தானே. இரண்டு பட்டியலிலிருந்தும் நத்தையின் பெயரை அடித்தது.

நத்தை கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று பூவரசடிக்குப் போனது. பின்னாலேயே ஆட்காட்டி குஞ்சுகளோடு வந்தது.

"அண்ணா, ரெண்டு மண்ணுலயும் உனக்கு வீடு கூடாதுன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

"உன் முதுகு எந்தத் தொகுதி?"

கூடவே வந்த கொக்கு சொல்ல வாயெடுத்தது. சட்டத்தை முதலிலிருந்து மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தது. அப்புறம் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டது.

ஆட்காட்டி அலகால் வீட்டை நெம்பியது. பிறந்து ஒரு பொழுதுகூட ஆகாத குஞ்சுகளும் தங்களால் முடிந்த மட்டும் தள்ளின. வீடு நத்தையின் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

"கனக்குதா அண்ணா?"

"கனக்குது. இருக்கட்டும்."

அன்று முதல்தான் ஏரிப்புறத்தின் எல்லை அந்த ஓர் இடத்தில் மட்டும் வளைந்து போகிறது. நத்தை எந்தப் பட்டியலிலும் பெயரில்லாமல் வீட்டைச் சுமந்துகொண்டு இரண்டு தொகுதியிலும் நடமாடுகிறது. யாராவது நடந்து வந்தால் ஆட்காட்டி ஊரைக் கூட்டிக் கத்துவதும் அன்று முதல்தான். முட்டைக்காகக் கத்துகிறது என்று நாம் நினைக்கிறோம். அது சொல்வது வேறு: "பாத்துப் போ, பாத்துப் போ, கீழ எங்க அண்ணா வீடு!"