அடுப்பு மூட்டாத வண்டி

படு, வெண்ணி. ஜன்னல்ல எவ்வளவு நேரம் மூக்கைத் தேய்ச்சாலும் எல்லைக் கோடு கண்ணுல படாது. ரயிலு அது பாட்டுக்குக் கர்நாடகாவுக்குள்ள போயிடும். ஆடுற பல்ல நாக்கால தள்ளாத. அத்தை கதை சொல்றேன், நீ ‘ம்’ கொட்டு.

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு ராஜான்னு தொடங்கத்தான் ஆசை. ஆனா இந்த ஊருக்கு அது ஒத்து வராது. ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, ஐரோப்பாவுல, ஒரு பள்ளத்தாக்குல இருந்துச்சு அந்த ஊரு. வயலெல்லாம் கோட்டைப் பிரபுவோடது. அந்த வயல்ல வெளையுற கோதுமைய அரைக்கிற ஆலை, கன்னியாஸ்திரிங்க இருக்கிற கன்னிமாடத்துத் தலைவியம்மாவோடது. ஆத்தைத் தாண்டினா சுங்கம் பிஷப்புக்கு. இந்த நாடு இங்க முடியுது, அந்த நாடு அங்க தொடங்குதுன்னு ஒரு கோடும் கெடையாது. வழியில யாராவது மறிச்சா, ‘நீ எந்த நாடு?’ன்னு கேக்க மாட்டாங்க. ‘நீ யாரோட ஆளு?’ன்னுதான் கேப்பாங்க.

“ஒரே வீட்டுல இருக்கிறவங்க எல்லாரும் ஒருத்தரோட ஆளுதானே?”

அங்கதான் வந்துச்சு வினை. வெண்டல்னு ஒரு வண்டிக்காரன், அவன் பிரபுவோட ஆளு. அவன் பெண்டாட்டி ஒடிலா, கன்னிமாடத்து ஆளு. அவங்களுக்கு ரெண்டு புள்ளைங்க. மூத்தவ கிசேலா, உன் வயசு. சின்னவன் உட்டோ, கைக்குழந்தை. அந்தப் பள்ளத்தாக்கு வழக்கம் என்னன்னா, ரெண்டு எஜமானோட ஆளுங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா, பொறக்கிற புள்ளைங்களப் பங்கு போட்டுக்குவாங்க. மூத்தது அப்பாவோட எஜமானுக்கு. அடுத்தது அம்மாவோட எஜமானிக்கு. முதல் பல்லு விழுற வரைக்கும் வீட்டுல இருக்கலாம். விழுந்துச்சா, அன்னிக்கே மூட்டை கட்டணும்.

“கிசேலாவுக்குப் பல்லு ஆடுதா அத்தை?”

லொடக் லொடக்குன்னு ஆடுது! ரொட்டியக் கூட கஞ்சியில ஊற வெச்சுத்தான் தின்னுவா. அப்புறம் ஒரு நாள், பிரபுவோட காரியக்காரரு குதிரையில வந்தாரு, டக் டக் டக். ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் நிக்க வெச்சு, “வாயத் தொற, வாயத் தொற”ன்னு பாத்துக்கிட்டே வந்தாரு. கிசேலா முறை வந்ததும் சிரிச்சாரு.

“அடேயப்பா, ஊஞ்சல் மாதிரி ஆடுதே! ஒரு வாதுமைக் கொட்டையக் கடி பாப்போம். கோட்டை அடுப்படியில உனக்கு மூலை ஒதுக்கியாச்சு, பொண்ணே.”

“தம்பியும் வருவானா?”ன்னு கேட்டா கிசேலா.

“அவன் எதுக்கு? அவன் கன்னிமாடத்துப் பங்கு.”

அன்னிக்கே ஒடிலா, உட்டோவ முதுகுல கட்டிக்கிட்டா. வெண்டல் வண்டியப் பூட்டினான். கடகட கடகட... நேரா கோட்டைக்குப் போனாங்க.

“பிரபுவே, எங்க புள்ளைங்களப் பிரிக்காதீங்க. ரெண்டு பேரையும் நீங்களே எடுத்துக்கங்க.”

“சின்னது அந்தம்மாவோட பங்கு. நான் தொட்டா, எனக்குக் கோயில் கதவச் சாத்திடுவாங்க. போ, போ.”

அப்புறம் கன்னிமாடத்துக்குப் போனாங்க.

“தாயே, அப்போ ரெண்டு பேரும் உங்ககிட்ட இருக்கட்டுமே.”

“மூத்தது அந்தப் பிரபுவோட பங்கு. நான் தொட்டா, ஆலைக்கு வர்ற தண்ணிய அடைச்சிடுவான். மாவு இல்லாம நான் என்ன செய்யறது?”

மிச்சம் இருந்தது ராஜா ஒருத்தருதான்.

“ராஜா எந்த ஊர்ல இருந்தாரு?”

எந்த ஊர்லயும் இல்ல! தலைநகரமே கெடையாது அவருக்கு. ஒரு ஊர்ல தங்குவாரு, அங்க இருக்கிற தானியம் தீந்ததும் படை, பரிவாரம், பாத்திரம் பண்டத்தோட அடுத்த ஊருக்குக் கெளம்பிடுவாரு. இவங்க எங்க போய்க் கேட்டாலும், “நேத்துதான் போனாரு.” அடுத்த ஊர்ல, “காலையிலதான் போனாரு.” பல்லு வேற ஒரு பக்கமாத் தொங்க ஆரம்பிச்சிடுச்சு. ஒடிலா, வெண்டலப் போட்டு வெரட்டுறா: “ஓட்டு, ஓட்டு!”

அப்போ ஒரு ஆத்துத் துறையில... படார்!

“என்ன ஒடைஞ்சுது?”

ராஜாவோட வண்டி அச்சு. மூட்டை முடிச்சோட வண்டி சாயுது. கரையில ஒரு கூட்டம் நின்னு வாயில தண்ணி ஊற வேடிக்கை பாக்குது. ஏன்னா அங்க ஒரு வழக்கம், சாஞ்ச வண்டியில இருக்கிற சாமான் தரையத் தொட்டுச்சுன்னா, அந்தத் தரைக்குச் சொந்தக்காரருக்கே அது சொந்தம்.

“டேய், இது ராஜாவோட வண்டிடா! கை குடுங்கடா!”ன்னு ராஜா கத்துறாரு.

“வண்டி உங்களோடது ராஜா, மண்ணு எங்க எஜமானோடது”ன்னு பதில் வருது.

வெண்டல் தொபுக்கடீர்னு தண்ணியில குதிச்சு, வண்டிக்கு அடியில தோளக் குடுத்தான். ஒடிலா, உட்டோவ கிசேலா கையில திணிச்சுட்டு, ஒரு மரக்கட்டைய உருட்டிட்டு வந்து முட்டுக் குடுத்தா. ஒரு மூட்டை கூட மண்ணத் தொடல.

“என்ன வேணும், கேளு”ன்னாரு ராஜா. ஒடிலா சொன்னா. ராஜா தலையச் சொறிஞ்சாரு.

“அந்தப் பள்ளத்தாக்குல எனக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கும்மா. அத அந்தத் தலைவியம்மா முன்னாடி மண்டி போட்டுத்தான் வாங்கினேன். அந்தத் தோட்டத்தப் பொறுத்த மட்டும் நானே அவங்க ஆளு. அவங்களுக்கு நான் எப்படி உத்தரவு போடுறது?”

“ராஜாவேவா அத்தை!”

ராஜாவேதான். ஆனா அவரு இன்னொண்ணும் சொன்னாரு. “என் வண்டியோட வர்றவங்க என் ஆளுங்க. யாரும் கை வைக்க முடியாது. ஆனா எந்த ஊர்லயாவது தங்கி, சொந்தமா அடுப்பு மூட்டினீங்கன்னா, அந்த மண்ணுக்காரனுக்கு ஆளாயிடுவீங்க. அப்புறம் பங்குதான்.”

வெண்டல் பெண்டாட்டியப் பாத்தான். “ஒடிலா, உன் அடுப்பு? நீயே மண்ணு கொழைச்சுப் போட்டதாச்சே.”

அவ ரெண்டு புள்ளைங்களையும் பாத்தா. “வண்டிய எடு”ன்னா.

அப்போ பின்னாடி, டக் டக் டக்! காரியக்காரரு! “வாயத் தொற!”ன்னு அவரு கத்தின நேரம் பாத்து, வண்டி ஒரு குழியில குலுங்க, ப்ளக்! பல்லு கிசேலா உள்ளங்கையில.

“விழுந்துடுச்சு! எறங்கு!”

“முதல்ல, நான் யாரோட ஆளுன்னு கேளுங்க.”

“யாரோட ஆளு?”

“ராஜாவோட வண்டி ஆளு.”

அவரு பல்லக் கடிச்சாரு. “எத்தன நாளைக்கு? என்னிக்காவது ஒரு அடுப்பு மூட்டாமலா போவீங்க? அன்னிக்கு வர்றேன்.” வீட்டுக்குத் திரும்பாம, தூரத்துல பின்னாடியே வந்தாரு.

“ம்... அப்புறம்?”

அப்புறம் போய்க்கிட்டே இருந்தாங்க. மழையில, பனியில, ஊர் ஊரா. புகை வர்ற ஒவ்வொரு வீட்டையும் ஒடிலா திரும்பித் திரும்பிப் பாப்பா, ஆனா எறங்க மாட்டா. கடைசியில, எந்த எஜமானுக்கும் சொந்தமில்லாத ஒரு மதில் போட்ட பட்டணத்துல எறங்கினாங்கன்னு சில பேரு சொல்லுவாங்க. எனக்குச் சொன்னவங்க எறங்கலன்னுதான் சொன்னாங்க. நானும் அப்படியே சொல்றேன்.

ஒரு நாள் இருட்டினதுக்கு அப்புறம் கிசேலா கேட்டா: “அம்மா, இது யாரோட ஊரு?”

“தெரியல கண்ணு. தம்பி எங்க?”

“என் மடியில.”

“அப்போ தூங்கு.”

கடகட கடகட... வண்டி போயிடுச்சு, கதையும் அதுல ஏறிப் போயிடுச்சு. எல்லை தாண்டியாச்சான்னு விடிஞ்சதும் பாத்துக்கலாம். என்ன வெண்ணி?

‘ம்’ கூடக் காணோம். நல்லாத் தூங்கு.