படத்தில் கண்ட ஆண் மீன்கொத்தி

காட்டோடை மடுவில் ஒரு கானாங்கோழி இருந்தது. இரை பொறுக்குவதைவிட அடுத்தவர் சங்கதி பொறுக்குவதில்தான் அதற்கு ருசி அதிகம்.

அந்த மடுவுக்கு ஒரு மீன்கொத்தி ஜோடி புதிதாக வந்து சேர்ந்தது. செங்குத்தான கரிசல் மண்கரையில் இரண்டும் மாறி மாறி வளை தோண்டின. மழை இறங்குவதற்குள் வளை முடிய வேண்டும். முடிந்தால்தான் முட்டை, இல்லையென்றால் இந்த வருஷம் குஞ்சு இல்லை.

கானாங்கோழிக்கு மனசுக்குள் ஒரே குடைச்சல். "ரெண்டுக்கும் ஒரே நீலம், ஒரே காவி. இதுல எது மாப்பிள்ளை, எது பொண்ணு? நேரா கேட்டா மரியாதையா இருக்காதே!"

ஒருநாள் காலை நல்லமுத்து, இருதயராஜ் என்று இரண்டு மனிதர்கள் கரையோரம் பச்சைக் கூடாரம் போட்டு, பெரிய கேமராவை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கானாங்கோழிக்குக் கால் சும்மா இருக்குமா? நாணலுக்குள் புகுந்து கூடாரத்தின் பின்பக்கம் போய்க் கழுத்தை நீட்டியது.

வளையிலிருந்து ஒரு மீன்கொத்தி வெளியே வந்து கிளையில் அமர்ந்தது. கேமரா படபடவென்று அடித்துத் தள்ளியது.

"என்ன மாப்ளே, ஆணா பொண்ணா?" என்றார் நல்லமுத்து.

"கீழலகைப் பாரு மாப்ளே. பொண்ணுன்னா அது சிவப்பா இருக்கும், லிப்ஸ்டிக் போட்ட மாதிரி. இது மேலயும் கருப்பு, கீழயும் கருப்பு. ஆணேதான்!" என்று இருதயராஜ் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

கானாங்கோழியும் எட்டிப் பார்த்தது. ஆமாம், கருப்புதான்!

"அட, இவ்வளவுதானா விஷயம்!" கற்றதைச் சோதித்துப் பார்க்காமல் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடைவழியே கீழே ஓடியது. அங்கே ஒரு கல்மேல் அந்த ஜோடியின் இன்னொரு மீன்கொத்தி மீனுக்குக் காத்திருந்தது.

"இந்தா, அலகைக் கொஞ்சம் தூக்கிக் காட்டேன்!"

"எதுக்கு அக்கா?"

"காட்டுன்னா காட்டு! ம்... மேலயும் கருப்பு, கீழயும் கருப்பு. நீ ஆண். சரி, இப்ப உன் வீட்டிலிருந்து வெளியே வந்தானே இன்னொரு ஆண், அவன் யாரு?"

"என் வீட்டிலிருந்தா? அங்கே என் பெண்டாட்டிதானே மண்ணு பறிச்சுக்கிட்டிருக்கா!"

"பொண்ணுன்னா கீழலகு சிவப்பா இருக்கணுமே! நான் கண்ணால பார்த்தேன், படத்திலயும் பார்த்தேன். பெரிசாக்கியே பார்த்தாச்சு தம்பி!"

அவ்வளவுதான். ஆண் மீன்கொத்தி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் மடுவை நோக்கிப் பாய்ந்தது. கிளையில் கருப்பு அலகோடு ஒரு மீன்கொத்தி இருக்கத்தான் செய்தது.

"யாருடா நீ?"

"யாருடாவா? வெயில்ல மண்டை கலங்கிப் போச்சா? நான்தான்யா!"

"குரலைக்கூடத் திருடிட்டியா, திருட்டுப் பயலே!"

மேற்கொண்டு பேச்சில்லை. ஆண் அதன் அலகைத் தன் அலகால் கவ்வி இழுத்தது. இரண்டும் உருண்டு மடுவில் விழுந்தன. மீன்கொத்திகளின் எல்லைச் சண்டை அப்படித்தான். எதிரியின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிப்பதுதான் வழக்கம்.

முதலில் கானாங்கோழி கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. 'அடேயப்பா, என்ன மூர்க்கம்!' கீழே அமுங்கிய இறக்கைகள் அடிப்பது குறைந்தது. பிறகு நின்றேபோனது. கானாங்கோழி கரையிலிருந்து கத்தியது:

"விடு தம்பி! போதும், செத்துடப் போவுது!"

"சாகட்டும்!"

கானாங்கோழி தண்ணீரில் குதித்து, நடுவே நெஞ்சைக் கொடுத்துத் தள்ளியது. பிடி விட்டது. கீழே கிடந்த மீன்கொத்தி தலையைத் தூக்கி, மூச்சுக்கு வாயைப் பிளந்தது. அலகிலிருந்து கருப்பு கரைந்து வடிந்தது. அடியில் பழுத்த மிளகாய்ச் சிவப்பு!

"நீயா?" என்றது ஆண் மீன்கொத்தி.

"நான்தான்னு... சொன்னேனே," என்ற பெட்டைக்கு இருமல் முட்டியது. "காலையிலேருந்து சேத்துல குத்திக்கிட்டிருக்கிற அலகு கருக்காம என்ன செய்யும்?"

கூடாரத்துக்குள் நல்லமுத்து கேட்டார்: "மாப்ளே, பொண்ணுய்யா இது! அப்ப முன்னாடி எடுத்தது?"

"அதுவும் இதேதான்," என்றார் இருதயராஜ், குரல் இறங்கி.

பெட்டை எதிர்க்கரைக் கிளையில் போய் உட்கார்ந்தது. ஓர் இறக்கை தொங்கியது. ஆண் ஒரு மீனைப் பிடித்து, பெட்டை விழுங்க வாகாகத் தலைப்பக்கத்தைத் திருப்பி நீட்டியது.  பெட்டை வாங்கி விழுங்கியது.

"பசிக்கு வாங்கிக்கிட்டேன். கோபம் அப்படியேதான் இருக்கு. அந்தக் கோழி சொன்னதைக் கேட்டியே, நான் சொன்னதைக் கேட்டியா?"

ஆண் மீன்கொத்தி வளைக்குத் திரும்பியது. அன்றிலிருந்து தனியாகவே தோண்டியது. பெட்டைக்கு இறக்கை தேறுவதற்கு முன்பே, வளை பாதியில் இருக்கையிலேயே, மழை இறங்கிவிட்டது. அந்த வருஷம் அந்தக் கரையில் குஞ்சுக் குரல் கேட்கவில்லை.

ஓர் அடையாளத்தைக் கண்டதுமே ஆளைக் கண்டுவிட்டதாக நம்பி, அந்த ஆள் சொல்வதைக் கேட்க மறுப்பவர், தம் வீட்டைத் தாமே கெடுத்துக்கொள்வார்.