முங்கிக் கிடந்த வட்டில்

"போச்சு! முங்கிப்போச்சு!" என்று கத்திக்கொண்டே பேராச்சி தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். ஒரு குட்டு. இரண்டு குட்டு. மூன்று குட்டு.

"மதினி, வட்டில எடுங்க," என்றான் ஆவுடை.

"கண்ணு இருந்தும் குருடி நான். ஒரு வட்டிலப் பாக்கத் துப்பு இல்ல."

"சரி மதினி. வட்டில எடுங்க."

"தின்ன சோத்துக்கு வேலை செய்யத் தெரியாத கழுதை."

"கழுதையாவே இருங்க. கழுதை வட்டில எடுக்கட்டும்."

கழுதை எடுக்கவில்லை. இன்னும் மூன்று முறை குட்டிக்கொண்டது.

கேளுங்கள், பெரியவர்களே, சிறியவர்களே. எந்த ராஜா ஆண்ட காலம் என்று கேட்காதீர்கள். ராஜா ஒருவர் இருந்தார், வெகு தூரத்தில் இருந்தார், இந்தக் கதையில் அவருக்கு வேலை கிடையாது. இது ஒரு குளத்தங்கரையில் நடந்தது.

மழை ஏமாற்றிய வருஷம். குளத்தில் கால்வாசித் தண்ணீர். அதை நம்பிப் பத்து வயல். எட்டு நாளைக்கு ஒரு முறை, சூரியன் எழும்போது மதகைத் திறப்பார்கள். சூரியன் விழும்போது மூடுவார்கள். மூடினால் மூடியதுதான். மிச்சத் தண்ணீர் மாட்டுக்கும் மனிதருக்கும் வேண்டும்.

பகலுக்கு முப்பது நாழிகை. வயலுக்கு மூன்று நாழிகை. மேலிருந்து தொடங்கி ஒவ்வொரு வயலாகக் கீழே இறங்கும். பத்தாவது வயல் மாசானத்தின் வயல்.

நாழிகையை அளப்பதற்கு ஒரு செப்பு வட்டில் இருந்தது. அதன் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அண்டாத் தண்ணீரில் அதை மிதக்க விட்டால், துளை வழியாகத் தண்ணீர் ஏறி, சரியாக ஒரு நாழிகையில் முங்கும். முங்கியதும் பேராச்சி அதை எடுத்துக் கவிழ்த்து, மறுபடி மிதக்க விட்டு, "ஆச்சு" என்பாள். அவள் கணவனுடைய தம்பி ஆவுடை பக்கத்து மரத்தில் தொங்கும் சேகண்டியை அடிப்பான். மூன்றாவது அடி கேட்டதும் வயல்காரன் தன் மடையை அடைத்து அடுத்தவனுக்கு விடுவான்.

வட்டில் முங்கியதை யாரும் பார்க்காவிட்டால் சேகண்டி ஒலிக்காது. ஒலிக்காதவரை மேல்வயல்காரன் மடையை அடைக்கமாட்டான். அவன் ஏன் அடைக்கிறான்? மேலே கூடுதலாகப் பாய்ந்ததெல்லாம் கீழே குறையும். ஊரின் குறை மொத்தமும் கடைசியில் மாசானத்தின் வயலில் வந்து நிற்கும்.

வட்டிலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வயல் உள்ளவன் அதைத் தொடக்கூடாது. காலையில் மிதக்க விட்ட கைதான் மாலை வரை எடுக்கவேண்டும். வேறு கை பட்டால் அன்றைய அளவே செல்லாது, மதகை மூடிவிடுவார்கள். பழைய சண்டைகளில் பிறந்த கட்டுப்பாடு. ஆகவே முங்கிய வட்டில் அண்டாவின் அடியில் கிடக்க, பக்கத்தில் நிற்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

பேராச்சியை ஏன் வைத்தார்கள் என்று கேட்பீர்கள். அவளுக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். ஒருவனுடைய அண்ணன் வயலுக்கு மட்டும் நாழிகை நீண்டது. இன்னொருவன் தூங்கினான். தூங்கவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியமும் செய்தான். பேராச்சிக்கு வயல் இல்லை, பொய்யும் இல்லை. தவறினால் தவறினேன் என்பாள். பத்து வயல்காரர்களும் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவள்.

ஆனால் தவறினேன் என்பதோடு நிறுத்தத் தெரியாது.

மதகு திறந்த அந்த முதல் முறையில் அவள் தவறியது மூன்று தடவை. ஒரு தடவை நீர்க்காகம் சிறகு உலர்த்துவதைப் பார்த்தாள். ஒரு தடவை செத்துப்போன புருஷனை நினைத்தாள். ஒரு தடவை எதையும் நினைக்கவில்லை, மனம் சும்மா எங்கோ போயிற்று. மூன்றும் சேர்ந்து ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் இருக்கும். அதற்கப்புறம் குட்டிக்கொண்டதும், திட்டிக்கொண்டதும், மூக்கைச் சிந்தியதும் சேர்ந்து ஒன்றரை நாழிகை. மாசானத்துக்குப் பாதித் தண்ணீர்தான் கிடைத்தது.

ஊர் கூடிற்று. பேராச்சி நடுவில் நின்று, "என்னைத் தண்டியுங்க," என்றாள்.

"அதைத்தான் நீயே செய்யுறியே. எங்களுக்கு எங்க மிச்சம் வைக்கிற?" என்றார் ஒருவர்.

நெடுநேரம் பேசி ஒரு வழி கண்டார்கள். பேராச்சி இனிமேல் தன்னைத் திட்டிக்கொள்ளக்கூடாது. தவறினால் ஆவுடை திட்டுவான். அவள் கை வட்டிலில் இருக்கும், அவன் வாய் திட்டிக்கொண்டிருக்கும். வேலையும் நடக்கும், நியாயமும் நடக்கும். ஊர்க்கூட்டங்கள் கண்டுபிடிக்கும் வழிகள் இப்படித்தான் இருக்கும். என்ன செய்வது.

இரண்டாம் முறை வந்தது. இரண்டாம் வயலுக்குப் பாயும்போது வட்டில் முங்கிற்று. பேராச்சி பார்க்கவில்லை. பார்த்ததும், "ஏ ஆவுடை, திட்டு," என்றாள்.

ஆவுடை தொண்டையைச் செருமினான். "மதினி, நீங்க ரொம்ப மோசம்."

"இவ்வளவுதானா?"

"ரொம்ப ரொம்ப மோசம்."

"இது திட்டா? கொஞ்சுற மாதிரி இருக்கு. கேடுகெட்டவளேன்னு சொல்லு."

"நீங்க எனக்குச் சோறு போட்டு வளத்தவங்க. வாய் வரமாட்டேங்குது."

"நான் சொல்லித் தாரேன், நீ சொல்லு."

அவள் சொல்லிக்கொடுத்தாள். அவன் திக்கித் திக்கிச் சொன்னான். அவள் திருத்தினாள். வட்டில் அண்டாவின் அடியில் கிடந்தது. இரண்டாம் வயல்காரன் வரப்பில் சாய்ந்து, வாழ்க்கையில் இவ்வளவு நல்ல நாள் வந்ததில்லை என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்துத் தவறியபோது, ஆவுடையின் திட்டு போதவில்லை என்று இருபத்தோரு தோப்புக்கரணம் போட்டாள். அதற்கடுத்துத் தவறியபோது எண்ணிக்கையில் சந்தேகம் வந்து முதலிலிருந்து போட்டாள். அன்று மாசானத்துக்கு வந்தது அரை நாழிகைத் தண்ணீர். அது வாய்க்காலை நனைத்தது. வயலை எட்டிப் பார்த்தது. நின்றுவிட்டது.

மூன்றாம் முறை வந்தது.

மாசானத்தின் நெல் பால் பிடித்திருந்தது. ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகக் கசிந்தது. இந்தத் தண்ணீர் கிடைத்தால் அரிசி. கிடைக்காவிட்டால் பதர். அவன் வீட்டில் ஆறு வாய். வயலில் நிற்க அவனுக்குக் கால் தரிக்கவில்லை. தண்ணீர் தன்னிடம் வர மாலையாகும் என்பதால் விடிந்ததும் கரைக்கு ஏறி வந்து அண்டாவுக்கு எதிரே குந்திவிட்டான்.

பேராச்சி அவனைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த கதிரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"தம்பி மாசானம், உன் பொழப்பக் கெடுத்த பாவி நான்," என்று எழுந்துவந்து அவன் காலைப் பிடித்தாள். பின்னால் வட்டில் ஒரு குமிழி விட்டு முங்கிற்று.

"யக்கா, எந்திரி. வட்டில் முங்கிட்டு."

"எனக்கு மன்னிப்பே கெடையாது."

"மன்னிப்பப் பத்தி நான் பேசவே இல்லையே. வட்டில் முங்கிட்டுன்னேன்."

"பாத்தியா, இப்பக்கூட நான் பாக்கல! இந்தக் கண்ணப் புடுங்கிக் காக்காய்க்குப் போடணும்."

ஆவுடை சேகண்டிக் கட்டையைத் தரையில் போட்டுவிட்டு மரத்தோடு நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

மாசானம் எழுந்தான். அண்டாவை நோக்கிக் கை நீண்டது. கட்டுப்பாடு நினைவு வந்தது. நீண்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் துண்டை உதறினான்.

"இங்க பாரு யக்கா. நீ காக்காய் பாத்த நேரத்துல என் வயல்ல ஒரு பாத்தி காஞ்சுது. நீ தலையில குட்டுன நேரத்துல மிச்சம் பூராவும் காஞ்சுது. எனக்கு உன் அழுகை வேண்டாம். அத வச்சு நான் நாத்தா நட முடியும்?"

பேராச்சி நிமிர்ந்தாள். இதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் வட்டிலை எடுத்துக் கவிழ்த்து மிதக்க விட்டு, "ஆச்சு," என்றாள். ஆவுடை ஓடிப்போய்க் கட்டையை எடுத்து அடித்தான்.

"திட்டலேன்னா நான் திருந்தமாட்டேன்டா," என்றாள் மாசானத்திடம் மெதுவாக.

"பதினாறு நாளாத் திட்டுற. திருந்திட்டியா?"

பேராச்சி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"இல்லடா. திட்டாம விட்டா எனக்கு முன்னால இருந்தானே, தூங்கிட்டுச் சத்தியம் பண்ணினவன், அவன மாதிரி ஆயிருவேன்."

"நீ ஏன் சத்தியம் பண்ணுற? முங்கிட்டுன்னு சொல்லு. எடு. விடு. அதுக்குமேல உன்கிட்ட யாரு என்ன கேட்டா?" மாசானத்துக்கு மூச்சு வாங்கியது. "உன் கொழுந்தன் சேகண்டி அடிக்க மறந்தா அவன் தலையில குட்டுவியா?"

"அவன ஏன் குட்டணும், பாவம். அடிடான்னு சொல்லுவேன்."

மாசானம் கோபத்தில் இதைக் கவனிக்கவில்லை. ஆவுடை கவனித்தான்.

"அதையே உங்களுக்கும் சொல்லிக்கிடுங்க மதினி," என்றான் மரத்தடியிலிருந்து.

அவள் அண்டாவின் முன் உட்கார்ந்து வட்டிலைப் பார்க்கத் தொடங்கினாள்.

இத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மனித மனம் அவ்வளவு சீக்கிரம் கதைக்கு ஒத்துழைப்பதில்லை.

வட்டிலின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று விரல் இருந்தது. பார்த்தாள். இரண்டு விரல் ஆயிற்று. பார்த்தாள். ஒரு தும்பி வந்து அண்டாவின் விளிம்பில் உட்கார்ந்தது. தும்பியைப் பார்த்தாள். அது பறந்தபோது வட்டில் இல்லை.

"முங்கிட்டு," என்றாள். எடுத்தாள். விட்டாள். "ஆச்சு."

சேகண்டி ஒலித்தது. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் உள்ளே ஆரம்பித்துவிட்டது. ஒரு தும்பிக்காகவா? பால் பிடித்த நெல்லை விட ஒரு தும்பி பெரிசா? கேடுகெட்டவளே. அவள் கண் வட்டிலில்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்ததோ அந்தக் குரலை. வட்டில் பாதி நிறைந்த பிறகுதான் அது தெரிந்தது.

தெரிந்ததும் என்ன செய்தாள்? திட்டக்கூடாது என்று சொல்லியும் திட்டுகிறாளே, இவளை என்ன செய்தால் தகும் என்று திட்டத் தொடங்கினாள். நான் பொய் சொல்லவில்லை. அதைத்தான் செய்தாள்.

"யக்கா! உதடு அசையுது!" என்று கத்தினான் மாசானம்.

"இல்ல, இல்ல. வந்துட்டேன்."

வந்துவிட்டாள். மறுபடி போனாள். போனதைப் பார்த்தாள். வந்தாள். உச்சிவெயில் தலைக்கு மேல் நின்றது. ஒரு விரல், அரை விரல், ஒரு நூல். போனாள், பார்த்தாள், வந்தாள். எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. அவளும் எண்ணவில்லை.

எட்டாம் வயலுக்குப் பாயும்போது, ஆவுடை இருமினான் என்று ஒரு நொடி திரும்பினாள். திரும்பி வருவதற்குள் வட்டில் முங்கியிருந்தது.

அவளுடைய வலது கை தானாகவே எழுந்தது. விரல்கள் மடங்கின. நெற்றிக்கு நேரே வந்தது. மாசானம் மூச்சை அடக்கினான். ஆவுடை கண்ணை மூடிக்கொண்டான்.

நெற்றி வியர்த்திருந்தது. மடங்கிய விரல்கள் அந்த ஈரத்தில் பட்டு ஒரு கணம் நின்றன. பிறகு கை விரிந்து நெற்றியைத் துடைத்தது. அப்படியே கீழே இறங்கி, அண்டாவுக்குள் போய், வட்டிலை எடுத்தது.

"முங்கிட்டு. ஆச்சு."

அதன் பிறகு அவள் தவறவே இல்லையா என்றால், ஒரு தடவை தவறினாள். எடுத்து விட்டாள். குரல் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டு வட்டிலைப் பார்த்தாள்.

சூரியன் விழுவதற்கு முன்னால் மாசானத்தின் மடைக்கு இரண்டே கால் நாழிகைத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. மதகை மூடினார்கள். மாசானம் சேற்றுக் காலோடு கரைக்கு ஏறி வந்தான்.

"மேல்மூலையில நாலு பாத்தி நனையல," என்றான்.

ஆவுடை மாசானத்தை முறைத்தான். இதை இப்போது சொல்லவேண்டுமா இவன்?

பேராச்சி அவனைப் பார்த்தாள்.

"காலையில நான் உன் கால்ல விழுந்த நேரம் அது," என்றாள்.

"ஆமா."

ஆவுடை காத்திருந்தான். மாசானமும் காத்திருந்தான். குட்டும் வரவில்லை, திட்டும் வரவில்லை. குளத்தில் மீன் ஒன்று துள்ளி விழுந்தது.

"மிச்சம் நனைஞ்சுதா?" என்று கேட்டாள் பேராச்சி.

"நனைஞ்சுட்டு."

"நாலு பாத்தியும் அடுத்த முறைக்குத் தாங்குமா?"

"தாங்காது. போனது போனதுதான். மத்தது பொழைக்கும்."

அவள் தலையாட்டினாள். வட்டிலைத் துடைத்து, ஆவுடையிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கேட்டவர்களே, இந்தக் கதையின் நீதி இதுதான்: தவறியவர், தவறினேன் என்று ஒரு முறை சொல்லி, பிறரிடம் காட்டும் இரக்கத்தையே தன்னிடமும் காட்டி, உடனே வேலைக்குத் திரும்பவேண்டும், ஏனென்றால் தன்னைத் தண்டிப்பதில் அவர் செலவிடும் நேரமும் பிறருடையதே.

எட்டு நாள் கழித்து மறுபடி மதகு திறந்தது. வயல்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஆவுடை சேகண்டியைக் கட்டினான். பேராச்சி அண்டாவில் தண்ணீர் நிரப்பினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழஞ்சேலை ஒன்றை நாலாக மடித்து, இத்தனை நாள் வெறுமனே உட்கார்ந்திருந்த கல்லின் மேல் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.