எருது உடைத்த கரை

மருதங்காட்டின் தளபதி பெருந்திமில் என்ற காட்டெருது. அது தலையைத் தூக்கி நடந்து வந்தால் காடே ஒதுங்கி வழிவிடும். அது பெருந்திமிலுக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் அவ்வளவு மெதுவாக நடக்கும்!

மருதங்காட்டுக்கு ராஜா கிடையாது. விலங்குகள் குளக்கரையில் கூடிப் பேசித்தான் எதையும் முடிவு செய்யும். தண்ணீர் குடிப்பதற்கும் முறை உண்டு. நாரை ஒன்று பெயர் சொல்லி அழைக்கும். முயலானாலும் காட்டுப்பன்றியானாலும் அழைத்த பிறகுதான் குளத்தில் இறங்க வேண்டும். 'எங்களுக்கு ராஜா இல்லை' என்று சொல்வதில் அந்தக் காட்டுக்கு அப்படி ஒரு பெருமை.

காட்டின் எல்லையில் ஓர் ஓடை ஓடியது. காட்டுப் பக்கத்துக் கரை சுவர் போல நின்றது. அதில் ஏறுவதற்கு ஒரே ஓர் ஒற்றையடித் தடம்தான். ஒரு நேரத்தில் ஒரு விலங்குதான் ஏற முடியும். செந்நாய்களோடு சண்டை வந்தால் தளபதி மந்தையோடு அக்கரைக்குப் போகும். சண்டை முடிந்ததும் மந்தையை அங்கேயே நிறுத்திவிட்டு, தனியாகத் தடத்தில் ஏறி வர வேண்டும். குளத்தில் எல்லோரும் குடித்த பிறகு கடைசியாகக் குடிக்க வேண்டும். அதோடு தளபதி பதவி முடிந்தது. மறுநாளிலிருந்து அதுவும் எல்லோரையும் போல ஒரு விலங்கு.

அந்தக் கோடையில் செந்நாய்கள் பெருங்கூட்டமாக வந்தன. பெருந்திமில் அவற்றை மலைக்கு அப்பால் வரை விரட்டியடித்தது. அப்படியொரு வெற்றியை அந்தக் காடு அதுவரை கண்டதில்லை. உடம்பெல்லாம் காயத்தோடு அது ஓடைக்குத் திரும்பியபோது, எதிர்க்கரையில் அதன் நண்பன் கிளைக்கொம்பன் என்ற கடமான் காத்திருந்தது.

"வாப்பா திமிலா! காடே உன்னைப் பத்தித்தான் பேசுது. மந்தையை அங்கேயே நிறுத்திட்டு ஏறி வா."

"வந்து, கடைசியாத்தான் தண்ணி குடிக்கணுமா?"

"அதுதானே வழக்கம்."

"முயலுக்கும் பின்னாடியா?"

"முயலுக்கும் பின்னாடிதான். போன சண்டைக்குத் தளபதியா இருந்துட்டு நானும் அப்படிக் குடிக்கலையா?"

பெருந்திமில் ஓடையைப் பார்த்தது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் மந்தையோடு அதில் கால் வைத்துவிட்டால் பிறகு திரும்ப முடியாது என்று அதற்குத் தெரியும். காயங்கள் எரிந்தன. இவ்வளவு ரத்தம் சிந்திவிட்டு ஒரு முயலின் வாலைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? நினைக்க நினைக்க அதற்கு உடம்பே கூசியது.

"நான் ஜெயிச்சது இவங்களோட. ஏறினாலும் இவங்களோடதான் ஏறுவேன். எல்லாரும் வாங்க!"

மந்தை பாய்ந்தது. குளம்புகள் பட்டுக் கரை பொலபொலவென்று சரிந்தது. ஒற்றையடித் தடம் இருந்த இடத்தில், தேர் போகும் வீதி போல அகலமான சரிவு ஒன்று உண்டாகிவிட்டது.

அன்று குளத்தில் முதலில் குடித்தது பெருந்திமில்தான். யாரும் வாய் திறக்கவில்லை. மந்தை சுற்றி நிற்கும்போது யார் திறப்பார்கள்?

குறை சொல்லக் கூடாது, அது நன்றாகத்தான் ஆண்டது. குளத்தில் பாசியை எடுக்கச் சொன்னது. மேய்ச்சல் தகராறுகளை ஒரே வார்த்தையில் தீர்த்தது. முயலுக்கும் மறக்காமல் முறை கொடுத்தது. "இனி ஆயுசுக்கும் நீங்கதான் தளபதி!" என்றது மயில். பெருந்திமில் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியது. ஆட்டிய தலையிலேயே கொன்றைப்பூ மாலை வந்து விழுந்தது. அது மாலையை உதறவில்லை.

குளக்கரைக் கூட்டம் நின்றுபோனது. பெயர் சொல்லி அழைக்க வேலை இல்லாத நாரை வேறு குளம் தேடிப் பறந்துவிட்டது.

ஒருநாள் மந்தை புதுப்புல் மேய அக்கரைக்குப் போயிருந்தது. பெருந்திமில் சேற்றில் படுத்திருந்தபோது காட்டுப்பன்றிகளும் முள்ளம்பன்றிகளும் அதைச் சூழ்ந்துகொண்டன. முன்னால் நின்றது கிளைக்கொம்பன்.

"உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கலப்பா. ஆனா குறை இருந்தா சொல்றதுக்கு ஓர் இடம் இருந்துச்சே, அதை எடுத்துட்ட" என்றது கிளைக்கொம்பன். சொல்லும்போதே அதன் கண் கலங்கியது. ஆனாலும் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு முட்டியது.

பெருந்திமில் முன்னங்காலை இழுத்து இழுத்து நடந்து, ஓடையைத் தாண்டி அக்கரை சேர்ந்தது. அப்போதும் தலை மட்டும் தாழவில்லை. அங்கே மந்தைக்கு முன்னால் அதன் தங்கை மகன் சுழியன் நின்றிருந்தது.

"யாரு மாமா இப்படிப் பண்ணினது? கவலைப்படாதீங்க, நாங்க போறோம்."

"எனக்காகவா?"

"உங்க பேரைச் சொல்லித்தான் போவோம். ஆனா இனிமே ஆளப்போறது நான். உங்களை மாதிரி இளகின மனசெல்லாம் எனக்குக் கிடையாது. முயல் கூட்டம் குளத்துப் பக்கமே வரக் கூடாது."

"என் காலத்துல முயலும் தண்ணி குடிச்சுதேடா!"

"உங்க தயவுல குடிச்சுது. இனிமே என் தயவு வேணும்."

பெருந்திமிலுக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவும் அந்தக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்ததுதான். 'எங்களுக்கு ராஜா இல்லை' என்று அதுவும் பெருமையாகச் சொன்ன காலம் உண்டு. நொண்டிக்கொண்டே ஓடையைக் கடந்து, தான் உடைத்த சரிவின் நடுவில் போய் நின்றது.

குளத்தில் அந்த நேரம் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. யார் முதலில் குடிப்பது என்று எவருக்கும் தெரியவில்லை. நாரையைக் காணோம். "பன்றிதான் முதல்!" என்றது ஒன்று. "மான்தான்!" என்றது இன்னொன்று. கரையைக் காக்க ஒருவரும் வரவில்லை.

"சுழியா, மந்தையை அங்கேயே நிறுத்திட்டு நீ மட்டும் வா. அதுதான் இந்தக் காட்டு வழக்கம்" என்றது பெருந்திமில்.

சுழியன் சிரித்துவிட்டது. "மாமா, இதை நீங்களா சொல்றீங்க?"

பெருந்திமில் திமிலை நிமிர்த்தி, கொம்பை நீட்டி, அசையாமல் நின்றது. பழைய ஒற்றையடித் தடமாக இருந்திருந்தால் அது ஒன்றே போதும், மந்தை முழுவதையும் தடுத்திருக்கும். ஆனால் இது வீதி ஆயிற்றே! மந்தை அதை முட்டவில்லை, மோதவில்லை. அதன் இடப்பக்கமாகக் கொஞ்சம், வலப்பக்கமாகக் கொஞ்சம் என்று பிரிந்து மேலே ஏறியது. "வழி ரொம்ப வசதியா இருக்கு தளபதி" என்று சில மாடுகள் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயின. புழுதி அடங்கியபோது பெருந்திமில் மட்டும் அந்தச் சரிவில் கம்பீரமாக, ஒருவரையும் தடுக்காமல் நின்றுகொண்டிருந்தது.

தான் ஏறுவதற்காக ஒருவன் வரம்பை உடைத்தால், பின்னால் வருகிறவனைத் தடுக்க அவனாலும் முடியாது.